முனை 4417

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே போன் நம்பர்.

ஆவுடையம்மாள் திரையை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் அதேதான். மிதவையூரில் வேலைக்கு விண்ணப்பித்த ஆயிரத்து நானூற்றைம்பது பேரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர், ‘அவசரத்துக்கு யாரைத் தொடர்பு கொள்ள வேண்டும்?’ என்ற கட்டத்தில் ஒரே எண்ணை எழுதியிருந்தார்கள். திரையில் விரிந்திருந்த வலையில் ஒவ்வொரு ஆளும் ஒரு முனை, ஒவ்வொரு தொடர்பும் ஒரு கோடு. அந்த எண்ணுக்குப் பெயர் கிடையாது. முனை 4417. அதிலிருந்து கோடுகள் கிளம்பி, பார்ப்பதற்குச் சூரியகாந்திப் பூ போல இருந்தது. பூவைச் சுற்றி வலை தானாகவே ஒரு சிவப்பு வட்டம் போட்டு, ‘சந்தேகத்துக்குரிய கூட்டம்’ என்று எழுதி வைத்திருந்தது.

“எவனோ பெரிய கையி போல” என்றார் இம்மானுவேல், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து. ஒரு கையில் உளுந்த வடை. “நானூறு போலி ஆளு! உழைப்பாளிதான்.”

“சார், எண்ணெய் சொட்டுது. கீபோர்டுல.”

இம்மானுவேல் மிதவையூர்க் குடியேற்ற வாரியத்தின் இயக்குநர். ஆவுடை அங்கே நியாயப் பரிசோதகர். 2058-இல் பழைய பெயர்கள் எல்லாம் மறுபடி நாகரிகமாகிவிட்டிருந்தன. அவள் வகுப்பில் மட்டுமே மூன்று ஆவுடையம்மாள், இரண்டு உலகம்மாள். ஆனால் நியாயப் பரிசோதகர் என்ற வேலை மாநிலத்திலேயே பதினோரு பேருக்குத்தான்.

மிதவையூர் என்பது தூத்துக்குடிக் கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டரில், காற்றாலைகளுக்கு நடுவே மிதக்கிற புது ஊர். முந்நூறு பேருக்கு அங்கே வேலை, வீடு, மொட்டைமாடியில் தோட்டம் எல்லாம் உண்டு. யாரை அனுப்புவது என்று மார்க் போடுவது அந்த வலை. அது நியாயமாகப் போடுகிறதா என்று பார்ப்பது ஆவுடை.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பட்டியலைப் பூட்டணும்” என்றார் இம்மானுவேல். “வலையைத் திருத்த மூணு வழிமுறை வந்திருக்கு. மூணையும் ஓட்டிப் பாரு. எது நல்லதுன்னு ஒரு கையெழுத்துப் போடு. இன்னிக்குச் செவ்வாக்கிழமை. நாலு நாளு இருக்கு, ராணி மாதிரி செய்யலாம்.”

“அந்தக் கரைத் தொடர்பாளர் வேலை என்னாச்சு சார்?”

இம்மானுவேலின் முகம் வாடியது. கரையில் உட்கார்ந்துகொண்டு, கடலில் இருக்கிற முந்நூறு பேருக்கும் அவர்கள் வீடுகளுக்கும் நடுவே தகவல் சேர்க்கிற வேலை அது. முந்நூறில் சேராத தனிப் பதவி. “தொண்ணூறு பட்டதாரி கேட்டிருக்கான். எண்பது மார்க்கு வேணும். முதல்ல வந்தவன் ஐம்பத்திரண்டு. அதை விடு. இதைப் பாரு.”

அவர் போன ஐந்தாவது நிமிடம் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். தலைமுடி ஈரம். தோளில் மூழ்குவோர் போடுகிற ரப்பர் சட்டை, மடித்துத் துண்டு மாதிரி.

“நியாயம் பாக்கற ஆபீசர் நீங்கதானா?”

“உக்காருங்க.”

“உக்காந்தா நாற்காலி நனையும். என் பேரு செல்வமேரி. கடலுக்குள்ள வெல்டிங் பண்ணுவேன். செய்முறைத் தேர்வுல தொண்ணூத்தேழு வாங்கினேன். நீங்க அனுப்பின தாள்ல மொத்த மார்க்கு நாப்பத்தொண்ணுன்னு இருக்கு. மிச்ச மார்க்கு எங்க போச்சுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

ஆவுடை அவள் கோப்பைத் திறந்தாள். சங்குக்கூடம் குடியிருப்பு. தொடர்பு எண்: முனை 4417.

“இந்த வலை ஆளை மட்டும் பாக்காது, செல்வமேரி. ஆளைச் சுத்தி இருக்கறவங்களையும் பாக்கும். நடுக்கடல்ல முந்நூறு பேரு ஒண்ணா வாழணும், பாருங்க. அதனால உங்க மார்க்கு பாதி, உங்க கூட கோடு போட்டு இணைஞ்சவங்க மார்க்கு பாதி. அவங்க மேல சந்தேகம் வந்தா, மொத்தத்துலயும் கொஞ்சம் கழியும்.”

“அப்போ நான் பத்தவச்ச குழாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரன் பதில் சொல்லணும்?”

“கிட்டத்தட்ட.”

“பக்கத்து வீட்டுக்காரன் குரூஸ் மாமா. அவருக்குப் படகுல ஏறினாலே வாந்தி. அவரால என் மார்க்கு குறைஞ்சிருக்குமோ?”

ஆவுடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வமேரியும் சிரித்தாள். ஆனால் சீக்கிரமே நிறுத்திக்கொண்டாள்.

“மேடம், எனக்கு அடுத்த மாசம் இருபத்தெட்டு முடியுது. அதுக்கப்புறம் மூழ்குற வேலைக்கு எடுக்க மாட்டீங்களாம். இந்தப் பட்டியல்ல வரலைன்னா அவ்வளவுதான். சும்மா சொல்லி வச்சேன்.”

போகும்போது தரையில் ஈரக் காலடிகளை விட்டுவிட்டுப் போனாள். ஆவுடை அவை காய்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வழிமுறைக்கு அவள் வைத்த பெயர் கண்கட்டி. அது வலையின் கண்ணைக் கட்டிவிடும். தெரு, மதம், சாதி, படித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மார்க் போடும். இரண்டாவது கத்தரி. ஒரே மாதிரி ஆட்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டிக்கொடுக்கிற கோடுகளைத் தேடித் தேடி வெட்டும். மூன்றாவது தராசு. எந்தப் பகுதியிலிருந்தும் நூற்றுக்கு இத்தனை பேர் என்று சமமாக வரும்வரை மார்க்குகளை ஏற்றி இறக்கும்.

புதன்கிழமை மதியத்துக்குள் மூன்றையும் ஓட்டி முடித்தாள். இம்மானுவேல் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்லு. ஆனா எனக்குப் புரியற மாதிரி.”

“ரெண்டு அளவுகோல் வச்சிருக்கேன் சார். ஒண்ணு, அந்த நானூத்திப் பன்னிரண்டு பேரும் இருக்கற சங்குக்கூடத்துல நூத்துக்கு எத்தனை பேரு தேர்வாகுறான், மத்த இடத்துல நூத்துக்கு எத்தனை. ரெண்டாவது, ரெட்டைச் சோதனை.”

“அதென்ன?”

“ஒரே ஆளை ரெட்டையாக்கணும். அதே படிப்பு, அதே கை வேலை. ஒருத்தனைச் சங்குக்கூடத்துல கோடு போட்டு விடணும், இன்னொருத்தனை வேற எங்கயாவது. ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு வந்தா நியாயம்.”

“ஊம். கண்கட்டி?”

“ஒரு மாத்தமும் இல்ல. மத்தவங்க நூத்துக்கு இருபத்தெட்டு. சங்குக்கூடம் ரெண்டு.”

“தெருப் பேரையே அழிச்சுட்டோமே!”

“பேரை அழிச்சோம். எல்லாக் கோடும் 4417-க்குத்தான போவுது? போன வருஷங்கள்ல காற்றாலை கட்டுற வேலைக்கு நாம ஆள் எடுத்தப்ப, அந்தப் பகுதியில இருந்து எடுத்ததே கிடையாது. அந்தப் பழைய பட்டியலைப் படிச்சுத்தான் வலை பாடம் கத்துக்கிட்டுது. கண்ணைக் கட்டினாலும் கோட்டைத் தடவிப் பாத்தே கண்டுபிடிச்சுருது.”

“கெட்டிக்காரப் பய. கத்தரி?”

“அது கோட்டை வெட்டிருச்சு. அவங்களுக்கு இருந்ததே அந்த ஒரு கோடுதான். வெட்டினதும் எல்லாரும் அநாதை. ‘யாருக்கும் தெரியாத ஆளு’ன்னு முடிவு பண்ணி ரெண்டையும் பூஜ்யம் ஆக்கிருச்சு.”

இம்மானுவேல் உச்சுக்கொட்டினார். “தராசு?”

“இருபத்தொண்ணு, இருபத்தொண்ணு.”

“அட்றா!” இம்மானுவேல் எழுந்தே விட்டார். “சமம்! அப்புறம் என்ன? கையெழுத்தைப் போடு. நான் எல்லாருக்கும் அல்வா சொல்லுதேன்.”

“சார், அல்வாவுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. சங்குக்கூடத்துல இருந்து யாரை எடுத்திருக்குன்னு.”

பட்டியலை விரித்தாள். பெயர்கள் இல்லை, முனை எண்களும் தகுதிகளும் மட்டும்தான். தேர்வானவர்களில் ஒருவர், கடல் மருத்துவச் சோதனையில் மூன்று தரமும் வாந்தி எடுத்தவர்.

“இவரு எப்படி?”

“இவரு மச்சினன் துறைமுக அலுவலகத்துல வேலை பாக்காரு. கூடுதலா ஒரு கோடு. தராசுக்கு எண்பத்தாறு பேரு வேணும், அது கணக்குச் சரிபண்ண கோடு அதிகம் இருக்கறவங்களைத் தூக்கிவிட்டுருச்சு. கடலுக்குள்ள வெல்டிங்ல தொண்ணூத்தேழு வாங்கின பிள்ளை வெளியதான் நிக்கிறா. கூட்டிக் கழிச்சா சமம். ஒவ்வொரு ஆளாப் பாத்தா அநியாயம்.”

“பத்திரிகைக்காரன் கூட்டித்தானம்மா பாப்பான்.”

“செல்வமேரி கூட்டிப் பாக்க மாட்டா சார்.”

இம்மானுவேல் எழுந்து வடை வாங்கப் போய்விட்டார். அவருக்கு யோசிக்க வேண்டும் என்றால் வடை வேண்டும்.

தனியாக இருந்த ஆவுடைக்கு ஒரு குறும்பு தோன்றியது. வாரிய ஊழியர்களின் கோப்புகளும் அதே வலையில்தான் இருந்தன. அவளுடைய மார்க் தொண்ணூற்றொன்று. அவசரத் தொடர்பு என்ற இடத்தில், திருநெல்வேலியில் இருக்கிற, ஒருநாளும் போனை எடுக்காத அண்ணனின் எண்ணைப் போட்டிருந்தாள். அதை அழித்துவிட்டு 4417-இன் எண்ணைப் போட்டாள்.

தொண்ணூற்றொன்று முப்பத்தெட்டானது. அவள் முனையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வந்து விழுந்தது.

படிப்பு, வேலை, இந்த நாற்காலி எதுவும் மாறவில்லை. ஒரு கோடுதான் மாறியிருந்தது. சரி, அந்தப் பெரிய கை யாரென்றுதான் பார்த்துவிடுவோமே என்று எண்ணைச் சுழற்றினாள்.

ஒரே மணி. எடுத்துவிட்டார்கள்.

“காஜா பஞ்சர் கடை. சொல்லுங்க, யாருக்கு?”

ஆவுடை தடுமாறினாள். “செல்வமேரி இருக்காங்களா?”

“அவ தண்ணிக்குள்ள இருக்கா. மூணு மணிக்கு மேல வருவா. என்ன சொல்லணும்?”

“இல்ல… குரூஸ்னு ஒருத்தர்?”

“எந்த குரூஸு? வாந்தி குரூஸா, மாடி குரூஸா?”

“நீங்க யாரு?”

“நான் காஜா. நீங்க யாரும்மா? தகவலைச் சொன்னா எழுதிக்கிடுவேன். பென்சில் கையில இருக்கு.”

வியாழக்கிழமை காலை ஆவுடை சங்குக்கூடத்துக்குப் போனாள். மீன்வலை காயும் சந்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் இருந்தது கடை. சைக்கிள் டியூப்கள் ஒரு பக்கம், இறக்கை ஒடிந்த ட்ரோன்கள் ஒரு பக்கம் தொங்கின. பின்சுவர் முழுக்கக் கரும்பலகை. அதில் பெயர்களும் நேரமும்: ‘பாக்கியம் – இரண்டு மணி ஷிப்ட் – ஆஸ்பத்திரியில் ரத்த ரிப்போர்ட் நார்மல்’, ‘மாடி குரூஸ் – பேத்தி பிறந்தாச்சு – 3 கிலோ.’ சொல்லி முடித்தவற்றுக்கு நேரே ஒரு டிக்.

காஜா மொய்தீனுக்கு நாற்பது வயதிருக்கும். காதில் பென்சில், கையில் ட்ரோனின் குடல்.

“உக்காருங்க மேடம். அந்த ஸ்டூல் வேண்டாம், அது ஆடும். இதுல.”

“பாய், உங்க நம்பரை நானூத்திப் பன்னிரண்டு பேரு எழுதியிருக்காங்க. தெரியுமா?”

“அவ்வளவுதானா? ஐநூறு இருக்கும்னு நெனச்சேன்.”

“ஏன் எழுதறாங்க?”

காஜா ட்ரோனைக் கீழே வைத்தார். “துறைமுகத்துக்குள்ள போனு கொண்டு போகக் கூடாது. வாசல்ல பெட்டியில போட்டுட்டுத்தான் போகணும். எட்டு மணி நேரம். உங்கள மாதிரி ஆபீஸ்ல இருந்து ஒரு தடவைதான் கூப்பிடுவீங்க. எடுக்கலைன்னா ‘தொடர்புகொள்ள இயலவில்லை’ன்னு எழுதிட்டு அடுத்த ஆளுக்குப் போயிருவீங்க. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி பாக்கியத்தோட வேலை அப்படித்தான் போச்சு. நான் இங்கனதான உக்காந்திருக்கேன்? ‘என் நம்பரைப் போடு’ன்னேன். அவகிட்ட மட்டுந்தான் சொன்னேன். மத்ததெல்லாம் அதுகளா எழுதிக்கிட்டது.”

“நீங்க கேக்கலையா, ஏன் என் நம்பரைப் போட்டேன்னு?”

“கேட்டேன். ‘நீங்கதான் பாய் எடுப்பீங்க’ன்னாக. அதுக்கு மேல என்ன கேக்க?”

அந்த நேரம் போன் மணியடித்தது. ஒரே மணிதான். “காஜா பஞ்சர் கடை. சொல்லுங்க… ஆமா… ஊசியைப் போட்டாச்சா? சரி, அவன்ட்ட சொல்லிருதேன்.” பென்சிலால் பலகை ஓரத்துத் தாளில் எழுதினார். சைக்கிளை எடுத்தார். “ரெண்டு நிமிஷம் மேடம். துறைமுக வாசல் வரைக்கும்தான். போன் அடிச்சா எடுங்க. ‘காஜா பஞ்சர் கடை’ன்னு சொல்லுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்.”

இரண்டு நிமிடத்தில் மூன்று அழைப்புகள் வந்தன. அரசாங்கத்தின் நியாயப் பரிசோதகர் மூன்றையும் ஒழுங்காக எழுதி வைத்தாள். ஒன்று, வாந்தி குரூஸின் மனைவி: “வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வரச் சொல்லு.”

மூன்றாவதை எழுதும்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. பென்சில் நின்றது.

வலைக்கு ஒரு கோடு என்றால் ஒரே அர்த்தம்தான்: இந்த இருவரும் ஒரே மாதிரி ஆட்கள். நண்பனுக்கு நண்பன், கூட்டாளிக்குக் கூட்டாளி. நானூறு பேர் ஒரே ஆளோடு இணைந்தால் அது கூட்டுச் சதி. ஆனால் இந்தக் கோடு அந்தக் கோடே இல்லை. இதற்குத் திசை உண்டு. எல்லோரிடமிருந்தும் கிளம்பி இந்தப் பஞ்சர் கடையை நோக்கி வருகிற அம்பு. இந்த ஆள் எனக்காகப் போனை எடுப்பார் என்கிற நம்பிக்கை.

காஜா திரும்பி வந்தபோது அவள் உட்கார்ந்த இடம் காலியாக இருந்தது. பலகையில் புதிதாக ஒரு வரி: ‘காஜா பாய் – ரொம்ப நன்றி – ஆவுடை.’ அவர் அதற்கு நேரே ஒரு டிக் போட்டார்.

அலுவலகத்துக்கு ஓடியவள் முதலில் தேடியது வாரியத்தின் பழைய அழைப்புப் பதிவுகளை. மூன்று வருடத்தில் வாரியம் அந்த எண்ணுக்கு ஆயிரத்து முந்நூற்று ஆறு முறை பேசியிருந்தது. எடுக்காமல் போனது எத்தனை என்று கேட்டாள். பூஜ்யம் என்று வந்தது. மற்ற விண்ணப்பதாரர்கள் கொடுத்திருந்த எண்களில் நூற்றுக்கு ஐம்பத்துநான்கு பேர்தான் எடுத்திருந்தார்கள். அவளுடைய அண்ணன் மாதிரி மீதி நாற்பத்தாறு பேர்.

வியாழன் முழுக்கவும் வெள்ளி காலையும் அவள் கோடுகளுக்கு அம்பு வைத்தாள். எடுத்த அழைப்புகளுக்கு ஏற்ப அம்புக்குக் கனம் கொடுத்தாள். பிறகு மூன்று முறைகளையும் மறுபடி ஓட்டினாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இம்மானுவேல் வந்தபோது அவர் கையில் அல்வாப் பொட்டலம் இருந்தது. தராசு என்றே முடிவு கட்டிவிட்டு வந்திருந்தார்.

“கண்கட்டி” என்றாள் ஆவுடை.

“எது, செவ்வா புதன்ல தோத்துப் போனதா?”

“அது தோக்கலை சார். நாம குடுத்த கோடு தப்பு. தப்புப் பாடத்தைக் குடுத்துட்டு மூணு பிள்ளைக்குப் பரீட்சை வச்சிருக்கோம். இப்ப பாருங்க. மத்தவங்க நூத்துக்கு இருபத்தொண்ணு, சங்குக்கூடம் இருபது. ரெட்டைச் சோதனையில வித்தியாசம் ரெண்டே மார்க்கு. தராசுக்கு இன்னும் ஒம்பது. கத்தரி இன்னும் வெட்டிக்கிட்டே இருக்கு.”

“இருபத்தொண்ணும் இருபதும் சமம் இல்லையேம்மா. தராசு ரெண்டையும் ஒண்ணாக் காட்டுது. நாளைக்கு எவனாவது எழுந்து, ‘அந்த ஒண்ணு எங்க?’ன்னு கேட்டா?”

“அந்த ஒண்ணு வாந்தி எடுக்குதுன்னு சொல்லுங்க.”

இம்மானுவேல் சிரிக்கவில்லை. அவர் நல்லவர்தான். ஆனால் கையெழுத்துக்கும் அவருக்கும் நடுவே எப்போதும் ஒரு பயம் உட்கார்ந்திருக்கும். மணி நாலே கால்.

“சார், உங்க மார்க்கு எவ்வளவு?”

“எனக்கு ஏது மார்க்கு?”

“ஊழியர் எல்லாருக்கும் உண்டு.” அவள் தட்டினாள். “எண்பத்தெட்டு. பழைய வலையில உங்களுக்கும் 4417-க்கும் நடுவுல ஒரு கோடு போடட்டுமா?”

“போடு. என்ன ஆகிரப் போவுது?”

எண்பத்தெட்டு முப்பத்தைந்தானது. இயக்குநர் இம்மானுவேலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுந்தது.

“ஏய்! என்ன இது? முப்பது வருஷ சர்வீஸ்! என்னையே ரவுடியாக்கிப்போட்டுதே!”

“உங்களை ஒண்ணும் செய்யலை சார். உங்க தொடர்பைத்தான் மாத்தினேன். சங்குக்கூடத்துல நானூத்திப் பன்னிரண்டு பேரு மூணு வருஷமா இந்த வட்டத்துக்குள்ளதான் இருக்காங்க. அவங்களுக்குத் தெரியவே தெரியாது.”

இம்மானுவேல் திரையைப் பார்த்தார். கைக்குட்டையால் வட்டத்தைத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

“எடுத்து விடும்மா என்னை. எடுத்து விடு.”

“அவங்களையும் எடுத்து விடுவோமா?”

நாலு மணி ஐம்பது நிமிடத்துக்குக் கையெழுத்து விழுந்தது. அறிக்கையின் விதிப்படி அதில் யாருடைய பெயரும், எண்ணும் இல்லை. ‘முனை 4417-ஐ நோக்கிய கோடுகளை நம்பிக்கையின் அம்புகளாகக் கொள்க’ என்ற ஒரு வரிதான் சிவப்பு வட்டத்தை அழித்தது. ஐந்து மணிக்குப் பட்டியல் பூட்டப்பட்டது. சங்குக்கூடத்திலிருந்து எண்பத்திரண்டு பேர். மூன்றாவது இடத்தில் செல்வமேரி. வாந்தி குரூஸ் இல்லை.

ஆவுடை போனை எடுத்தாள். ஒரே மணி.

“காஜா பஞ்சர் கடை. சொல்லுங்க, யாருக்கு?”

“எண்பத்திரண்டு பேருக்கு பாய். பென்சில் இருக்கா?”

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் சொன்னார்: “இருங்க தங்கச்சி. பலகையை அழிச்சுட்டு வாரேன். இடம் பத்தாது.”

அன்று சாயங்காலம் சங்குக்கூடத்துச் சந்துகளில் காஜாவின் சைக்கிள் மணி எண்பத்திரண்டு வாசலில் அடித்தது. அடித்த வாசலில் எல்லாம் யாராவது கூவினார்கள். வாந்தி குரூஸ் வீட்டில் அடிக்கவில்லை. ஆனால் அதிகமாகச் சந்தோஷப்பட்டது அவர்தான் என்று பின்னால் செல்வமேரி சொன்னாள். “தப்பிச்சேண்டா சாமி! பொண்டாட்டிதான் எழுதச் சொன்னா!” என்று நடுத்தெருவில் நின்று எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தாராம்.

இரண்டு வாரம் கழித்து முதல் படகு கிளம்பியது.

துறைமுக மேடையில் ஒரே கூட்டம். வாழைத்தார், துணிமூட்டை, இரண்டு ஆட்டுக்குட்டி, பேண்டு வாத்தியம். ஆடு கொண்டுபோக விதியில் இடமில்லை. யாரும் விதியைப் படிக்கவில்லை. ஆவுடையும் விதிப்படி தன் போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“மேடம்!” செல்வமேரி படகின் விளிம்பிலிருந்து கத்தினாள். தலைமுடி அன்றைக்கும் ஈரம்தான். “அங்க வந்தா மொதல்ல கடலுக்குள்ள கூட்டிட்டுப் போவேன்!”

“எனக்கு நீச்சல் தெரியாதே!”

“பரவால்ல, உங்களைச் சுத்தி இருக்கறவங்களுக்குத் தெரியும்ல! பாதி மார்க்கு உண்டு!”

படகு நகர்ந்தது. பேண்டு வாத்தியத்தை மீறி ஒரு சைக்கிள் மணி கேட்டது. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. காஜா வேர்க்க விறுவிறுக்க வந்து சைக்கிளை நிறுத்தினார். காதில் பென்சில்.

“பாய்! கடையை விட்டு வரமாட்டேன்னீங்களே? வழியனுப்ப வந்தீங்களா?”

“வழியெல்லாம் வீட்லயே அனுப்பிட்டேன் தங்கச்சி. உங்களுக்குத் தகவல் வந்திருக்கு.”

“எனக்கா?”

“உங்க ஆபீஸ்ல இருந்து, இயக்குநரு. உங்க போன் எடுக்கலையாம். உங்க கோப்புல அவசரத்துக்கு என் நம்பர்தான் இருக்குதாம். சொல்லவே இல்லையே நீங்க?”

ஆவுடைக்கு நினைவு வந்தது. அந்தப் புதன்கிழமை சோதனைக்காக மாற்றியது. அண்ணனின் எண்ணைத் திரும்பப் போட நாலைந்து தரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தரமும் போடாமலே எழுந்தாள்.

“என்ன சொன்னாரு?”

காஜா சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் படித்தார். “‘கரைத் தொடர்பாளர் வேலைக்கு ஆள் கிடைச்சாச்சு. விண்ணப்பம் போட்டவன் எவனும் தேறலை. வலையில இருக்கற எல்லாரையும் போட்டு ஓட்டினேன். ஒருத்தர் தொண்ணூத்தாறு மார்க்கு. முனை நாலாயிரத்தி நானூத்திப் பதினேழு. ஆளு யாரு, எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது, ஆவுடைக்குத்தான் தெரியும். திங்கக்கிழமை வேலையில சேரச் சொல்லணும்.’ அவ்வளவுதான். அவசரம்னாரு. வாயில என்னமோ தின்னுக்கிட்டே சொன்னாரு.”

ஆவுடை கடலைப் பார்த்தாள். காஜாவைப் பார்த்தாள். வயிற்றில் கிளம்பிய சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடங்கவில்லை.

“என்ன தங்கச்சி சிரிக்கீங்க? நல்ல சேதிதான? பாவம், அந்த மனுஷனுக்கு இன்னும் தெரியவே தெரியாதாம்.” காஜா சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். “எந்தத் தெருவுன்னு மட்டும் சொல்லுங்க. நானே போய்ச் சொல்லிட்டு வந்துருதேன்.”

காதிலிருந்து பென்சிலை எடுத்தார். அட்டையில் 4417 என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு, முகவரிக்காகக் காத்திருந்தார்.